ஆசானுக்குத் தெரியாமல் கராத்தே

கேள்வி: எங்கள் ஊர் மண்டபம் பக்கம். ஆறாம் வகுப்பிலிருந்து ஊர் ஆசானிடம் சிலம்பம் கற்கிறேன், இப்போது பிளஸ் ஒன். கொஞ்ச நாளாக ராமநாதபுரத்தில் கராத்தே வகுப்புக்கும் போகிறேன். ஆசானுக்கு இது தெரியாது. "ஆத்துல ஒரு கால், சேத்துல ஒரு கால் வைக்கிறவன் எதுலயும் நிக்க மாட்டான்" என்பார். கராத்தே மாஸ்டரோ, "கம்பைத் தூக்கிக்கிட்டு ரோட்டுல போக முடியுமா, அதை விட்டுடு" என்கிறார். நடுவில் நண்பன் டேக்வாண்டோவுக்குக் கூப்பிடுகிறான். எல்லாம் கலந்து குழம்பிவிடுமா? எதை விடுவது? (பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகர்)

பதில்: தம்பி, கம்பையும் விட வேண்டாம், கராத்தேயையும் விட வேண்டாம். மூன்றாவதை மட்டும் இப்போது தொடாதே. ஆசானிடம் மறைப்பதை இந்த வாரமே நிறுத்து, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குழம்புமா என்றால், குழம்பும். ஆனால் நீ நினைக்கிற மாதிரி கம்பு வீசும்போது பாதியில் கராத்தே கட்டா (தனியாகச் செய்து பழகும் அசைவு வரிசை) வந்துவிடாது, கால்தான் தடுமாறும். சிலம்பத்தில் கால் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. சுவடு, அதாவது காலடி வைப்பு, மாற்றிக்கொண்டே, முன்பாதத்தில் திரும்பிக்கொண்டே இருப்பாய், இரண்டு கையும் ஒரே கம்பில் சேர்ந்து வேலை செய்யும். கராத்தே அடிப்படைப் பயிற்சியிலோ பாதம் முழுக்கத் தரையில் பதிய வேண்டும், முட்டியை மடக்கி அகலமாக இறங்கி நிற்க வேண்டும், ஒரு கை குத்தும்போது மறு கை இடுப்புக்கு இழுபட வேண்டும். இத்தனை வருடம் ஊறிய சுவடு அங்கே எட்டிப் பார்க்கத்தான் செய்யும், மாஸ்டர் "காலைப் பதி, காலைப் பதி" என்று கத்தத்தான் செய்வார். கத்தட்டும். இரண்டையும் ஒரே நாளில் போட்டுத் திணிக்காமல் வேறு வேறு நாளில் வைத்துக்கொண்டால் உடம்பே பிரித்துக்கொள்ளும்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் கடற்கரை மணலில் பழகுகிறவர்கள் என்றால், மணலில் திரும்பும்போது பாதமும் கூடவே திரும்பும். வகுப்பில் விரித்திருக்கும் மேட் அப்படி இல்லை, வெறுங்காலைப் பிடித்துக்கொள்ளும். ஊன்றிய காலைத் திருப்பாமல் சுற்றி உதைத்தால் அந்த முறுக்கு முழுக்க முட்டியில்தான் இறங்கும். முதலில் ஊன்றிய பாதத்தைத் திருப்பு, அப்புறம் உதை.

டேக்வாண்டோவை ஏன் வேண்டாம் என்கிறேன்? அது மட்டம் என்றில்லை. கராத்தேக்கும் அதற்கும் வெளித்தோற்றம் கிட்டத்தட்ட ஒன்று, போட்டி விதிகள்தான் நேர் எதிர். விளையாட்டுக் கராத்தேயில் முகத்தை நோக்கிக் குத்தலாம், புள்ளியும் உண்டு, ஆனால் கட்டுப்பாடு இல்லாமல் பலமாகப் பட்டால் தண்டனை. டேக்வாண்டோவில் முகத்தில் குத்தவே கூடாது. உடம்புக்கு விழுகிற உதையோ, மார்புக் கவசத்தின் சென்சார் ஏற்கும் அளவுக்குப் பலமாக விழ வேண்டும், இல்லாவிட்டால் புள்ளி ஏறாது. இரண்டிலும் தொடக்க நிலையில் இருக்கிறவன் ஒரே வாரத்தில் இரண்டையும் பழகினால் இங்கே பலமாக உதைத்துத் தண்டனை வாங்குவான், அங்கே மெதுவாக உதைத்துப் புள்ளி விடுவான், முகத்துக்குக் காவலாகக் கையை எப்போது தூக்குவது என்பதே மறந்துபோகும். சிலம்பமும் கராத்தேயும் உன்னை இந்த அளவுக்குக் குழப்பாது, ஒன்று கம்பு, ஒன்று வெறுங்கை, அதோடு ஒன்றில் நீ ஏற்கெனவே வேரூன்றியவன். கராத்தேயில் ஒரு நிலைக்கு வா, பிளஸ் டூவை முடி, அப்புறமும் ஆசை இருந்தால் போ.

இனி ஆசான். அவர் சொல்வதில் பாதி சரி. ஆனால் ஒருவரிடம் மட்டும்தான் கற்க வேண்டும் என்பது எல்லாக் கலைக்கும் சட்டம் இல்லை. கராத்தேயின் வரலாற்றையே எடுத்துக்கொள். ஷிட்டோ-ரியூ என்ற கராத்தே பாணியை உருவாக்கிய கென்வா மபுனி, இட்டோசு, ஹிகாவொன்னா என்று ஜப்பானின் ஒகினாவா தீவைச் சேர்ந்த இரண்டு பெரிய ஆசிரியர்களிடம் கற்றவர். 1882இல் கொடோகன் என்ற பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி ஜூடோவைக் கொடுத்த ஜிகோரோ கானோவும் முதலில் ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானிய மல்லுக்கலையில் ஒரு மரபு, பிறகு இன்னொன்று என்று போனவர்தான். ஆனால் ஒன்றைக் கவனி. கானோ தன் ஆசிரியரிடமிருந்து ஒளிந்துகொண்டு போகவில்லை, முதல் மரபில் அவருக்குக் கற்பித்த இரண்டு பேரும் அடுத்தடுத்துக் காலமான பிறகுதான் மற்றதற்குப் போனார்.

உன் ஆசானுக்கு நீ கராத்தே கற்பது வலிக்காது, ஊரில் யாரோ சொல்லி அவர் தெரிந்துகொள்வதுதான் வலிக்கும். ராமநாதபுரம் பஸ்ஸில் கராத்தே உடுப்புப் பையோடு போகிற பையனை ஒரு ஊரே பார்க்கும், அவர் காதுக்குப் போகாமல் இருந்தால்தான் அதிசயம். ஏற்கெனவே தெரிந்தும் நீயாகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரோ என்னவோ! போனில் வேண்டாம், வாட்ஸ்அப்பில் வேண்டவே வேண்டாம். பயிற்சி முடிந்து மற்ற பையன்கள் கிளம்பிய பிறகு நேரில் நின்று, "ஐயா, வெறுங்கைச் சண்டை கத்துக்கணும்னு கராத்தேக்குப் போறேன், உங்ககிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும், கம்பை விட மாட்டேன்" என்று சொல். திட்டுவார். வாங்கிக்கொள்.

கூடவே இன்னொன்றும் கேள், "குத்துவரிசை சொல்லித் தருவீங்களா?" என்று. சிலம்ப மரபிலேயே வெறுங்கைக்குக் குத்துவரிசை இருக்கிறது, பல ஆசான்கள் கம்பில் ஒரு நிலைக்கு வந்த பிறகுதான் அதைத் தொடங்குவார்கள், கேட்காத பையனுக்குத் தொடங்காமலே விட்டுவிடுகிறவர்களும் உண்டு. நீ பஸ் ஏறித் தேடிப் போனது ஊரிலேயே இருந்திருக்கலாம்.

கராத்தே மாஸ்டருக்கும் ஒரு வார்த்தை. ரோட்டில் கம்பு கொண்டு போக முடியாது என்றால், பிளாக் பெல்ட்டையும்தான் கட்டிக்கொண்டு போக முடியாது! இன்னொரு கலையை விடச் சொல்லிக் கேட்கிற வாத்தியார் மேல் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம். பெல்ட் டெஸ்ட் எத்தனை மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கட்டணம் என்று உன் அப்பாவை விட்டுக் கேட்கச் சொல். பதில் மழுப்பலாக வந்தால் வேறு வகுப்புப் பார்.

சர்டிபிகேட் கணக்கிலும் சிலம்பம் இளைத்ததில்லை. தமிழக அரசு வேலைக்கான 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீட்டில் சிலம்பமும் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் அது காட்சி விளையாட்டாகவும் (டெமோ) இடம்பெற்றது. கராத்தே டோக்கியோ ஒலிம்பிக்கில் இருந்தது, 2024 பாரிஸில் இல்லை. ஆனால் ஊர்ப் போட்டியில் கொடுக்கிற எல்லாச் சான்றிதழும் ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. எது செல்லும் என்பதை ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் உள்ள மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் நேரில் கேள், கையில் இருக்கிற சான்றிதழ்களையும் எடுத்துக்கொண்டு போ.