நின்ற லாரி, இடித்த பைக்: தப்பு யார் மேல்? (கேள்வி பதில்)

மோட்டார் விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்துகிற வக்கீல் நான். ஆபத்தான இடத்தில் வண்டியை நிறுத்துவது பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

ஓசூரிலிருந்து ஒருவர்: நான்குவழிச் சாலையில் பஞ்சர் ஆனால் நின்ற இடத்திலேயே டயர் மாற்றலாமா?

மாற்றாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவு 122 இதைத்தான் சொல்கிறது: மற்றவர்களுக்கு ஆபத்தோ இடைஞ்சலோ வரும்படி பொது இடத்தில் வண்டியை நிறுத்தவும் கூடாது, விட்டுவிட்டுப் போகவும் கூடாது. "வண்டி ரிப்பேர்" என்பது அங்கே நின்றதற்குக் காரணம்தான். அங்கேயே கிடந்ததற்கு அது காரணம் ஆகாது. டயர் கிழிந்தாலும் பரவாயில்லை, மெதுவாக உருட்டி இடது ஓரத்துக்கு, தார் விளிம்பைத் தாண்டிக் கொண்டுபோங்கள். ஒரு டயரின் விலைக்காக ஜாக்கி போட்டு ஓடுபாதையில் உட்கார்ந்தவர்களின் கோப்புகள் என் அலமாரியில் இருக்கின்றன.

அப்புறம், வண்டியில் இருப்பவர்களை முதலில் இறக்குங்கள். இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நிற்க வையுங்கள். குழந்தை தூங்குகிறது, வெயில் அடிக்கிறது என்று உள்ளேயே உட்கார வைக்காதீர்கள். தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033-க்கு அழையுங்கள்.

மதுரை: ஹசார்டு லைட் (நான்கு இண்டிகேட்டரும் சேர்ந்து மின்னுவது) போட்டால் போதுமா?

போதாது. 80 கி.மீ. வேகத்தில் வருகிற வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் தாண்டும். உங்கள் விளக்கைப் பார்த்து, நிற்கிற வண்டி என்று புரிந்து, பிரேக்கில் கால் வைப்பதற்குள் பாதித் தூரம் போய்விடும். எச்சரிக்கை முக்கோணத்தை டிக்கிக்குப் பக்கத்தில் வைப்பதில் பயனில்லை. நன்றாகப் பின்னால் நடந்துபோய் வையுங்கள். வளைவு இருந்தால் வளைவுக்கு முன்னாலேயே வையுங்கள்.

விழுப்புரம்: பத்து மணி நேரம் வரை நிறுத்தலாம், அதற்கு முன் போலீஸ் தொடக்கூடாது என்கிறார்களே?

பிரிவு 127-ஐப் பாதி படித்தவர்கள் சொல்வது. ஆளில்லாமல் விட்ட வண்டிக்குத்தான் அந்தப் பத்து மணி நேரக் கணக்கு. நிறுத்தத் தடையுள்ள இடத்தில் நின்றால் அந்தக் கணக்கு கிடையாது. போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் உடனே இழுத்துப் போகச் சொல்லலாம். இழுவைக் கூலியும் உங்கள் தலையில்தான்.

நாமக்கல்லிலிருந்து ஒரு லாரி உரிமையாளர்: வக்கீல் சார், நிற்கிற வண்டியில் வந்து மோதினால் மோதியவன் தப்பு. பின்னால் இடித்தவன் மேல்தான் எப்.ஐ.ஆர். போடுகிறார்கள். எங்கள் மேல் ஏன் பழி?

எப்.ஐ.ஆர். முடிவான சொல் இல்லை. பல நேரம் அது இறந்துபோனவர் பேரிலேயே பதிவாகிறது, அவர் வந்து பேசப் போவதில்லை. இழப்பீட்டு வழக்கை விசாரிக்கிற தீர்ப்பாயம் தானாகச் சாட்சியம் பார்த்து முடிவு செய்யும். 2018-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கில், இரவில் நடு ரோட்டில் விளக்கில்லாமல் நின்ற கேஸ் டேங்கரில் கார் மோதியிருந்தது. உயர் நீதிமன்றம் பாதிப் பழியைக் கார் ஓட்டியவர் மேல் போட்டது. உச்ச நீதிமன்றம் அதை நீக்கிவிட்டது.

அதே உரிமையாளர்: எங்கள் லாரியில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித்தான் எப்.சி. (தகுதிச் சான்று) வாங்குகிறோம். அது தெரியாதா?

தெரியாது. ஒரு வழக்கில் ஸ்பாட்டுக்குப் போனேன். பின் பலகை முழுக்கக் காய்ந்த செம்மண். யாரோ விரலால் துடைத்துப் பார்த்த இடத்தில் மட்டும், கட்டைவிரல் அகலத்துக்குச் சிவப்பு மின்னியது. மீதி எல்லாம் இருட்டோடு இருட்டு. மோட்டார் வாகன விதி 109-இன்படி, சாலையில் நிற்கும்போதும் பார்க்கிங் விளக்கு எரிய வேண்டும். பேட்டரி இறங்கிவிடும் என்று டிரைவர் அணைக்கிறார். அந்தப் பேட்டரிக்கு என்ன விலை, சொல்லுங்கள்?

ஈரோட்டிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்: அப்படியானால் பைக்காரர் மேல் தப்பே வராதா?

வரும், தம்பி. கோவையில் 2017-இல் நடந்ததைக் கேளுங்கள். நெடுஞ்சாலையில் முன்னால் போன கார் சட்டென்று நின்றது. மனைவி கர்ப்பிணி, வாந்தி வருகிறது என்றார்கள், அதனால் நிறுத்தினேன் என்பது ஓட்டியவர் சொன்ன காரணம். பின்னால் பைக்கில் வந்த பொறியியல் மாணவர் காரில் மோதி விழுந்தார். அவருக்குப் பின்னால் வந்த பஸ் ஏறியதில் கால் போயிற்று. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் பழியைப் பிரித்தது: காருக்கு 50 சதவீதம், பஸ்ஸுக்கு 30, மாணவருக்கு 20. போதிய இடைவெளி விடாததும் லைசென்ஸ் இல்லாததும் அவருக்கு எதிராக நின்றன. ஆனால் சிக்னல் காட்டாமல் நெடுஞ்சாலையில் நிறுத்தியவருக்குத்தான் பெரிய பங்கு. வாந்தி வருவது யாருக்கும் வரும். கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, ஓரம் போய் நிறுத்தப் பத்து நொடி போதும்.

திருப்பூர்: ஹசார்டு லைட் போட்டு நின்றால் சட்டப்படி சரிதானே?

மேலே சொல்லிவிட்டேன். போதாது.

உதகை: கொண்டை ஊசி வளைவில் வண்டி சூடாகிவிட்டால்?

வளைவில் நிற்காதீர்கள், அடுத்த நேர் பாதைக்குப் போங்கள். வளைவும் மேட்டு உச்சியும் குறுகிய பாலமும் பார்வை மறைகிற இடங்கள். போட்டோ எடுக்க நிறுத்துகிறவர்களுக்கும் இதே பதில்தான். வேறு வழியே இல்லாமல் நின்றால் சக்கரத்துக்குக் கல் முட்டுக் கொடுங்கள். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போடுங்கள். தயவுசெய்து. லாரி போன பிறகு கிடக்கிற கல்லில் பைக் ஏறி விழுந்தவர்களை எனக்குத் தெரியும்.

காட்பாடி: ரயில்வே கேட்டுக்கு நடுவில் வண்டி நின்றுவிட்டால்?

ஆட்களை இறக்கிவிட்டு, வண்டியைத் தள்ளிப் பார்க்கும் முன் கேட்கீப்பரிடம் ஓடுங்கள். ரயிலை நிறுத்தச் சொல்லி அவரால்தான் தகவல் கொடுக்க முடியும்.

சென்னை: அபராதம் எவ்வளவு?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 201-இல் 500 ரூபாய் வரை. திடீரென்று பழுதாகி, அகற்றும் வேலை நடந்துகொண்டிருந்தால் அதில் வராது. பாரதிய நியாய சன்ஹிதா (பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) பிரிவு 285-இல் 5,000 வரை. நின்ற வண்டியால் உயிர் போனால் அதே சன்ஹிதாவின் பிரிவு 106(1)-இல் ஐந்து வருடம் வரை சிறை. 500 ரூபாயை மட்டும் நினைத்துக்கொண்டு இருக்காதீர்கள்.

கரூர்: எதிர்வீட்டுக்காரர் எங்கள் கேட் முன்னால் காரை நிறுத்துகிறார்.

உள்ளூர்ப் போக்குவரத்துப் போலீஸில் எழுதிக் கொடுங்கள்.

தருமபுரி: என் தம்பி நின்ற டிப்பரில் மோதி இறந்து நான்கு மாதம் ஆகிறது. இன்னும் மனு போடவில்லை.

இந்த வாரமே போடுங்கள். சட்டம் தருகிற காலம் ஆறு மாதம். ஸ்பாட் போட்டோ, வரைபடம், டிப்பரின் பின்பக்கப் படம் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்கு எரிந்ததா என்பதுதான் வழக்கின் உயிர். பக்கத்துப் பெட்ரோல் பங்க் கேமராப் பதிவு அழிந்திருக்கலாம், இருந்தாலும் போய்க் கேளுங்கள்.

நாகர்கோவில்: ஹசார்டு லைட்...

போதாது. முக்கோணமும் வேண்டும், ஓரமும் போக வேண்டும், ஆட்களும் இறங்க வேண்டும்.

மறுபடி நாமக்கல் உரிமையாளர்: சார், டிரைவருக்குத் தூக்கம் வந்தால் எங்கே நிறுத்துவார்? லாரி நிறுத்த இடம் கட்டித் தந்தார்களா?

இதில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. லாரி நிறுத்துமிடங்கள் போதவே போதாது. தூக்கத்தோடு ஓட்டச் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் ஓடுபாதையில் படுக்கச் சொல்லவும் முடியாது. கிளம்பும்போதே எந்த பங்க்கில், எந்த டோல்கேட் ஒட்டிய இடத்தில் நிறுத்துவது என்று டிரைவரோடு பேசி வையுங்கள். டீசலுக்குக் கணக்குப் போடுகிற மாதிரி தூக்கத்துக்கும் நேரம் ஒதுக்குங்கள். இன்று ராத்திரி எத்தனை லாரி ரோட்டில் இருக்கிறது உங்களுக்கு? ஒவ்வொரு டிரைவருக்கும் போன் போட்டு, பின் பலகையை ஒரு ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.