40 வருடப் பழைய ஸ்பீக்கரில் கெப்பாசிட்டரை மாற்றினால் பழைய ஒலி திரும்புமா?

திரும்பும். ஆனால் கெப்பாசிட்டர் மட்டும்தான் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ட்வீட்டர் (உச்ச ஒலிகளைத் தரும் சிறிய ஸ்பீக்கர்) மங்கிவிட்டது, பாஸும் (கனத்த தாழ்ந்த ஒலி) தளர்ந்துவிட்டது, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். வயதானதை மட்டும் மாற்றுங்கள். இந்த இரண்டு குறைகளும் பெரும்பாலும் வெவ்வேறு இடங்களிலிருந்து வருபவை.

என்னிடம் 1970களின் கடைசியில் செய்த ஒரு ஜோடி இருக்கிறது. பாஸைத் தரும் 8 அங்குல வூஃபர், குவிந்த வடிவிலான ஒரு டோம் ட்வீட்டர், நாலாபுறமும் மூடிய பெட்டி. வீட்டில் யாரும் கேட்காமல் வெகுகாலம் கிடந்தது. இணைத்துப் பார்த்தபோது பாடுபவரின் குரலுக்கு மேல் ஒரு போர்வையைப் போர்த்தியது போல இருந்தது. இடது பெட்டி வலதை விட இன்னும் மந்தம். அந்த வித்தியாசம்தான் எனக்கு முதல் துப்பு. இரண்டும் ஒரே மாதிரி முதுமை அடைவதில்லை.

வூஃபருக்கும் ட்வீட்டருக்கும் ஒலியைப் பிரித்துக் கொடுக்கும் சுற்றுதான் கிராஸ்ஓவர். அந்தக் காலத்துக் கிராஸ்ஓவர்களில் துருவமில்லாத, அதாவது பிளஸ், மைனஸ் முனை வேறுபாடு இல்லாத, எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்களைத்தான் அதிகம் பார்க்கலாம். உள்ளே இருக்கும் திரவம் வருடங்கள் போகப் போக உலரும். அப்போது மைக்ரோஃபாரட் அளவு, அதாவது கொள்ளளவு, மாறும். 8 ஓம் ட்வீட்டருக்கு முன் 10 மைக்ரோஃபாரட் இருந்தால், எளிய கணக்கில் ட்வீட்டர் சுமார் 2000 ஹெர்ட்ஸிலிருந்து பொறுப்பேற்கும். அதே கெப்பாசிட்டர் 7-க்கு இறங்கினால் அந்த இடம் 2800 ஹெர்ட்ஸைத் தாண்டிப் போய்விடும். நடுவில் ஒரு பள்ளம் விழும்.

இதை விட எளிதில் கண்ணில் படாதது உள்தடை. என் இடது பெட்டியின் கெப்பாசிட்டர் மல்டிமீட்டரில் 10-க்கு மேலேயே காட்டியது, நன்றாக இருக்கிறது என்றே நினைத்தேன். அப்புறம் உள்தடையை அளக்கும் ஈ.எஸ்.ஆர். மீட்டர் வைத்துப் பார்த்தால் 2 ஓம். 8 ஓம் ட்வீட்டருக்கு முன்னால் 2 ஓம் சும்மா நின்றால் கிட்டத்தட்ட 2 டெசிபல் காணாமல் போகும். போர்வை அதுதான். அதனால் கொள்ளளவை மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள்.

மாற்றும்போது நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன். நேராக நல்ல பாலிபுரோப்பிலீன் ஃபிலிம் கெப்பாசிட்டர்களை (திரவத்துக்குப் பதில் பிளாஸ்டிக் படலம் உள்ளவை) போட்டேன். முதல் நாள் அசந்துபோனேன், மூன்றாம் நாள் காது வலித்தது. ஃபிலிமில் உள்தடை ஏறக்குறைய இல்லை. அந்தப் பெட்டியை வடிவமைத்தவர்களோ எலக்ட்ரோலிட்டிக்கில் இயல்பாக இருக்கும் சிறு தடையையும் சேர்த்துத்தான் ஒலியைச் சரி பார்த்திருப்பார்கள். 0.5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடரில் சேர்த்ததும் குரல் தன் இடத்துக்கு வந்தது. புதிய துருவமில்லாத எலக்ட்ரோலிட்டிக்கையே போட்டாலும் தவறில்லை. துருவமுள்ள சாதாரண எலக்ட்ரோலிட்டிக் மட்டும் கூடாது. செம்புக் கம்பிச் சுருள்களைத் தொடவே வேண்டாம், அவை அப்படி முதுமை அடைவதில்லை.

ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் பின்னால் இருந்தால் அதைப் பல முறை திருப்பிப் பாருங்கள். உள்ளே ஆக்ஸைடு படிந்து ஒலியே வராமல் போவது உண்டு.

இனி பாஸ். வூஃபரின் கோனை (முன்னும் பின்னும் அசையும் கூம்பு) சுற்றியுள்ள வளையமான சரவுண்ட் ஃபோமால் ஆனது என்றால், 15, 20 வருடங்களில் அது தானாகவே மக்கிவிடும், பாட்டுக் கேட்டாலும் கேட்காவிட்டாலும். என்னுடையது விரல் பட்டதும் கருப்புப் பொடியாக உதிர்ந்தது. புதிய ஃபோம் ஒட்டலாம், பொறுமை வேண்டும். பழைய பசையை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் நனைத்துச் சுரண்ட எனக்கு ஒரு மாலை முழுதும் ஆனது. முதல் வூஃபரை வெறும் கண்ணளவில் நடுவில் வைத்து ஒட்டினேன். காய்ந்த பிறகு, கோனை அசைக்கும் கம்பிச் சுருளான வாய்ஸ் காயில் காந்தத்தின் இரும்பில் உரசி, ஒவ்வொரு பாஸ் சுரத்திலும் கரகரத்தது. பிரித்து மறுபடி ஒட்டினேன். இந்த முறை கோனின் நடுவில் உள்ள மூடியான டஸ்ட் கேப்பை வெட்டி எடுத்து, காயிலுக்கும் உள் இரும்புக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகளைச் சுற்றிலும் செருகி, பசை முழுவதும் காய்ந்த பிறகே அவற்றை உருவினேன். 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்லிய அளவில் விட்டேன், ஒரு சின்ன உரசல்கூட இல்லை. அந்த நிம்மதியைச் சொல்லி விளக்க முடியாது.

திருப்புளியைக் கோனுக்கு அருகில் கொண்டுபோகும்போது கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் சட்டென்று இழுக்கும், கோன் கிழியும். பெட்டிக்குள் கண்ணாடி இழைப் பஞ்சு இருந்தால் முகக்கவசம் போடுங்கள்.

மூடிய பெட்டியில் காற்றுக் கசிவும் பாஸைக் கெடுக்கும். எல்லாம் பூட்டிய பிறகு வூஃபர் கோனை இரு கைவிரல்களால் சமமாக, மெதுவாக அழுத்தி விடுங்கள். பெட்டி இறுக்கமாக இருந்தால் அது சோம்பலாகத் திரும்பி வரும். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ காற்று போகிறது. எனக்குப் பின்பக்க இணைப்புத் தட்டின் விளிம்பில் கசிந்தது.

ஒரு பெட்டியை மட்டும் முதலில் முடித்துவிட்டு, இரண்டிலும் ஒரே மோனோ ஒலியை விட்டு மாறி மாறிக் கேளுங்கள். செய்தது பலித்ததா என்று காது உடனே சொல்லும். இரண்டையும் ஒன்றாகப் பிரித்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

உங்கள் வூஃபரின் சரவுண்ட் ரப்பரா ஃபோமா என்று கேள்வியில் இல்லை. முன் துணியைக் கழற்றி, ஓரத்தை விரல் நுனியால் லேசாகத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ரப்பராக இருந்து, இன்னும் மெத்தென்று இருந்தால், உங்கள் வேலையில் பாதி குறைந்துவிட்டது.