ரியோஹாவுக்கு ஏற்ற கறி எது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த மகன் ‘ரியோஹா கிரியான்சா’ என்று எழுதிய சிவப்பு ஒயின் கொண்டுவந்திருக்கிறான். ஞாயிறு விருந்துக்குக் கோலா உருண்டையும் விரால் மீன் குழம்பும் செய்கிறோம். எதனோடு பரிமாறலாம்?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: கோலாவோடு பரிமாறுங்கள் அம்மா. குழம்போடு வேண்டவே வேண்டாம்.

ரியோஹா என்பது வட ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரைப் பகுதி. அங்கே முக்கியமான திராட்சை டெம்ப்ரானியோ. ‘சீக்கிரம்’ என்று பொருள்படும் ஸ்பானியச் சொல்லிலிருந்து வந்த பெயர். மற்ற திராட்சைகளுக்கு முந்திப் பழுத்துவிடும். கிரியான்சா என்றால் 2 ஆண்டு முதிர்ந்தது, அதில் குறைந்தது 1 ஆண்டு ஓக் மரப் பீப்பாயில் கிடந்தது. ரெசர்வாவுக்கு 3 ஆண்டு, கிரான் ரெசர்வாவுக்கு 5. ரியோஹாக்காரர்கள் நெடுங்காலமாக விரும்பிப் பயன்படுத்துவது அமெரிக்க ஓக். அதனால்தான் கிளாஸைச் சுழற்றி முகர்ந்தால் செர்ரிப் பழ வாசத்துக்குப் பின்னால் வெனிலாவும், கொப்பரையை உடைத்தாற்போல ஒரு தேங்காய் மணமும் வருகின்றன. கோலாவில் தேங்காயும் கசகசாவும் அரைத்துச் சேர்க்கிறீர்களே, அந்த மணத்தோடு இது அழகாகச் சேரும்.

ஒரு வாய் குடித்ததும் ஈறு உலர்ந்து இழுக்கும். கொட்டைப்பாக்கை மென்றால் வருகிற அதே துவர்ப்புதான், டானின் என்பார்கள். கறியின் புரதமும் கொழுப்பும் உப்பும் அதை அடக்கிவிடும், கட்டன் டீயில் பால் விட்டதும் துவர்ப்பு அடங்குகிற மாதிரி. ரியோஹாவிலேயே ஆட்டுக்குட்டி விலாக்கறியை உலர்ந்த திராட்சைக் கொடிகளின் தணலில் சுட்டு, உப்பு மட்டும் தூவித்தான் இந்த ஒயினோடு சாப்பிடுகிறார்கள்.

காரத்தில்தான் கவனம் தேவை. இந்த ஒயினில் ஆல்கஹால் 13.5 முதல் 14.5 சதவீதம் வரை இருக்கும். மிளகாயின் எரிச்சலை அது தூக்கிக்கொடுக்கும். அரைக் கிலோ கொத்துக்கறிக்கு 8 வற்றல் போடுபவர் 4 போட்டு, குறைகிற காரத்தை மிளகாலும் சோம்பாலும் ஈடுகட்டுங்கள். மிளகு போட்டு வறட்டிய வாத்துக்கறியும் பொருந்தும், அதற்கு ரெசர்வா இன்னும் மேல்.

மீன் குழம்பில் சிக்கல் இரண்டு. புளியின் புளிப்புக்கு முன்னால் ஒயின் சப்பென்று போய்விடும். சிவப்பு ஒயினில் உள்ள இரும்புச்சத்து மீன் கொழுப்போடு சேர்ந்தால் கவிச்சி நாக்கிலேயே தங்கிவிடும். குழம்பைச் சோற்றோடு தனியாகச் சாப்பிடுங்கள். அதன் ருசிக்குத் துணை தேவையில்லை.

கேள்வி: சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில்தான் குடிக்க வேண்டும் என்கிறார்கள். எங்கள் வீட்டில் அப்படிக் குடித்தால் ஸ்பிரிட் நெடி அடிக்கிறது. பாட்டில் கெட்டதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பெரும்பாலும் பாட்டிலில் குறையில்லை, உங்கள் அறையின் சூடுதான் காரணம். ‘அறை வெப்பம்’ என்பது ஐரோப்பியக் குளிர்நாட்டு வீட்டுக் கணக்கு. ரியோஹாவுக்கு வேண்டியது 16 முதல் 18 டிகிரி. சித்திரை மாதத்தில் நம் கூடம் 33 டிகிரிக்குக் குறையாது. அந்தச் சூட்டில் ஆல்கஹால் முந்திக்கொண்டு ஆவியாகி மூக்கில் ஏறும், பழ வாசம் அமுங்கிப்போகும். ஃப்ரிட்ஜில் சுமார் 2 மணி நேரம் வையுங்கள். அவசரமென்றால் பாதி ஐஸ், பாதி தண்ணீர் நிரப்பிய வாளியில் 15 முதல் 20 நிமிடம் போதும். கிளாஸில் 100 மில்லிக்கு மேல் ஊற்றாதீர்கள், குடித்து முடிப்பதற்குள் மறுபடி சூடாகிவிடும்.

பரணில் மட்டும் வைக்காதீர்கள். ஓட்டுச் சூட்டில் கார்க் மேலே தள்ளி, கழுத்தில் பிசுபிசுவென்று கசிந்திருந்தால் அந்த ஒயின் உள்ளே வெந்துபோயிருக்கும். பழ வாசம் போய்ப் பாகு காய்ச்சின வாடைதான் மிஞ்சும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் படுக்கவைத்தால் கார்க் ஈரமாகவே இருக்கும். திறந்த பாட்டிலை மூடி ஃப்ரிட்ஜில் வைத்து 3 நாளுக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சைவத்தில் எதுவும் பொருந்தாதா?
– வாசகர், திருவாரூர்

பதில்: கடப்பா பொருந்தும். பாசிப்பருப்பும் தேங்காயும் கசகசாவும் சேர்ந்த மிதமான பதார்த்தம். பச்சை மிளகாயை ஒன்றோடு நிறுத்துங்கள். பீப்பாயில் அதிகம் வைக்காத இளம் டெம்ப்ரானியோவாக வாங்குங்கள், துவர்ப்பு குறைவாக இருக்கும். சாப்பாட்டின் கடைசியில் அசோகா வருமானால் அதற்குள் கிளாஸைக் காலி செய்துவிடுங்கள். இனிப்புக்குப் பிறகு இந்த ஒயின் வெறும் கசப்பாகத்தான் தெரியும்.