19-ஆம் நூற்றாண்டு ஆங்கில நாவலாசிரியர் ஆன் பிரான்டியின் பெண்ணிய மரபு என்று எதைச் சொல்கிறார்கள்?

திருமணமான பெண்ணும் சட்டத்தின் முன் தனி மனுஷி என்று அவர் எழுதிக் காட்டியதைத்தான். அன்றைய இங்கிலாந்தில் 'கவர்ச்சர்' என்றொரு சட்டநிலை இருந்தது. கல்யாணம் ஆனதும் மனைவியின் சம்பாத்தியம் கணவனுடையது, பிள்ளையும் அவனுக்கே. மாதாமாதம் நீங்கள் உழைத்த சம்பளம் வேறொருவர் கணக்கில் போய் விழுவது போல.

1848-இல் வெளிவந்த 'தி டெனன்ட் ஆஃப் வைல்ட்ஃபெல் ஹால்' நாவலில், குடிகாரக் கணவனிடமிருந்து மகனோடு தப்பிக்க ஹெலன் ஓவியம் வரைந்து பணம் சேர்க்க நினைக்கிறாள். அவளது டைரியைப் படித்துவிட்ட கணவன் தூரிகைகளையும் வண்ணங்களையும் நெருப்பில் போடுகிறான். எனக்கு நாவலின் உச்சம் இதுதான். அவன் செய்ததைத் தட்டிக் கேட்கச் சட்டத்தில் வழியே இல்லை. அப்புறம் ஒருநாள் மகனோடு வெளியேறி, படம் விற்றே பிழைக்கிறாள்.

மறுவருடமே 29 வயதில் ஆன் இறந்தார். கதைக்கருவே தவறு என்று கருதிய அக்கா ஷார்லட் மறுபதிப்பை விரும்பவில்லை. நாவல் மங்கிப்போனதற்கு அது முக்கியக் காரணம்.

இந்த நாவல்தான் சட்டத்தை மாற்றியது என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல; மனைவியின் சம்பாத்தியம் அவளுக்கே என்ற 1870-ஆம் ஆண்டுச் சட்டம் பல பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடிப் பெற்றது.