எக்ஸ்-மென் காமிக்ஸை எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

கேள்வி: எக்ஸ்-மென் காமிக்ஸ் 1963-லிருந்து வருகிறதாமே, புதிதாகப் படிப்பவர் எங்கே ஆரம்பிக்கலாம்?

1963-இல் ஆரம்பிக்காதீர்கள். பிறவியிலேயே விசேஷ சக்தி கொண்ட மியூட்டன்ட்களின் அணிதான் எக்ஸ்-மென். ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் தொடங்கியது என்ற மரியாதை இருக்கட்டும். ஆனால் 1970-இல் 66ஆவது இதழோடு புதுக்கதைகள் நின்றுபோய், பழையதையே திரும்ப அச்சடித்து ஓட்டினார்கள். நீங்கள் தொட வேண்டியது 1975. அந்த வருடம் வந்த 'ஜெயன்ட் சைஸ் எக்ஸ்-மென்' முதல் இதழில்தான் ஸ்டார்ம், நைட்க்ராலர், கொலோசஸ் எல்லோரும் அறிமுகம். வுல்வரின் அணியில் சேர்வதும் அதில்தான். அடுத்து 94ஆவது இதழில் எழுத வந்த கிறிஸ் கிளேர்மான்ட் 1991 வரை விடவில்லை. கடையில் 'எபிக் கலெக்ஷன்' வரிசையில் 'செகண்ட் ஜெனிசிஸ்' என்று கேளுங்கள். அது 5ஆவது தொகுதி. முதல் நான்கு இல்லையே என்று பதற வேண்டாம்.

இரும்புக்கை மாயாவி படித்து வளர்ந்தவர்களுக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் எரிச்சலாக இருக்கும். புத்தகம் முடிந்தாலும் கதை முடியாது. வசனமும் அதிகம், அடிவாங்கிக்கொண்டே தன் சக்தி என்னவென்று விளக்குவார்கள். நாலைந்து வசனப் பெட்டிகளைத் தாண்டிப் போங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. 129 முதல் 137 வரையான இதழ்கள், முதல் அணியிலிருந்தே வரும் ஜீன் கிரேயின் கதை. அதற்குள் நீங்களே மாட்டிக்கொண்டிருப்பீர்கள்.

நான் தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் வாக்கப்பட்டு வந்தவள். இந்த ஊரில் உட்கார்ந்து 141, 142 இதழ்களைப் படிப்பது தனி அனுபவம். 1981-இல் வந்த கதை, 2013-ஐக் காட்டுகிறது. எந்திரங்கள் ஆளும் அமெரிக்காவில் ஒவ்வொருவர் உடையிலும் ஓர் எழுத்து. எச் என்றால் சுத்த மனிதர், பிள்ளை பெற்றுக்கொள்ளலாம். ஏ என்றால் மரபணுவில் சந்தேகம், பெறக்கூடாது. எம் என்றால் மியூட்டன்ட், ஒதுக்கப்பட்டவர். இங்கே 1950-இல் வந்த ஒரு சட்டம் எல்லோரையும் இனவாரியாகப் பிரித்துப் பதிவு செய்தது. அதே வருடம் வந்த இன்னொரு சட்டம் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று தீர்மானித்தது. அதனால்தான் என் கணவரின் ஆயா இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸை விட்டு சாட்ஸ்வொர்த்துக்கு வர வேண்டியதாயிற்று. ஆயாவுக்குப் படத்தைக் காட்டி எழுத்துகளை விளக்கினேன். "இதுல நம்ம எந்த எழுத்தும்மா?" என்றார்.

அப்புறம் 235 முதல் 238 வரை. ஜெனோஷா, ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரைக்கு அப்பால் ஒரு கற்பனைத் தீவு. பளபளவென்று பணக்கார நாடு. அத்தனை செழிப்பும் மியூட்டன்ட்களை அடிமையாக்கி, பெயரைப் பறித்து எண் கொடுத்து வாங்கும் உழைப்பில் நிற்கிறது. இது வந்தது 1988-இல், மண்டேலா இன்னும் சிறையில் இருந்தபோது. யாரைச் சொல்கிறார்கள் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒரு குறை உண்டு: வெளியிலிருந்து வந்த வீரர்கள்தான் எல்லாவற்றையும் உடைக்கிறார்கள். அது எனக்கு ஒட்டவில்லை. இங்கே அப்படியா நடந்தது?

1991-க்குப் பிறகு ஒரே சமயத்தில் பல தலைப்புகள் ஓடும், தலை சுற்றும். நேராக 2001-க்குப் போய் கிராண்ட் மாரிசன் எழுதிய 'நியூ எக்ஸ்-மென்' எடுக்கலாம். ஆனால் ஜெனோஷாவைப் படிக்காமல் அதைத் தொடாதீர்கள். அவருடைய இரண்டாவது இதழிலேயே அந்தத் தீவுக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துவிடும்.