மென்மையான தோலுக்குப் பழைய முறைச் சவரம்: எதை மாற்றினால் எரிச்சல் குறையும்?

கேள்வி: எனக்கு 34 வயது. ஐந்து பிளேடுகள் கொண்ட கார்ட்ரிட்ஜ் ரேசரும், டப்பாவை அழுத்தினால் வரும் ஷேவிங் நுரையும் பயன்படுத்துகிறேன். சவரம் செய்த சிறிது நேரத்தில் கழுத்து சிவந்து எரிகிறது. மறுநாள் சிறு சிறு பருக்கள் தோன்றுகின்றன. பிரஷ், சோப்பு, ஒற்றை பிளேடு ரேசர் என்ற பழைய முறைக்கு மாறினால் சரியாகிவிடும் என்கிறார்கள். உண்மையா? எப்படித் தொடங்குவது?

பதில்: மாறலாம், உங்களைப் போன்ற பலருக்கு அது பலன் தருகிறது. ஆனால் ரேசரை மட்டும் மாற்றிவிட்டு, அழுத்திச் சிரைக்கும் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டால் எரிச்சல் கூடுவதற்கும் வாய்ப்புண்டு. ஆகவே, உங்கள் கழுத்தில் என்ன நடக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

பல பிளேடுகள் கொண்ட ரேசரில் முன்னால் செல்லும் பிளேடு முடியைப் பற்றிச் சற்றே வெளியே இழுக்கிறது. அந்த முடி மீண்டும் உள்ளே செல்வதற்குள் பின்னால் வரும் பிளேடு அதை வெட்டிவிடுகிறது. அதனால் வெட்டுப்பட்ட முனை தோலின் மேற்பரப்புக்குக் கீழே போய்விடுகிறது. நேராக வளரும் முடி உள்ளவர்களுக்கு இதனால் பெரிய தொல்லை இருப்பதில்லை. சுருண்டு வளரும் முடி உள்ளவர்களுக்கோ, கூராக வெட்டப்பட்ட அந்த முனை வளரும்போது முடிக்குழியின் சுவரையோ அருகிலுள்ள தோலையோ துளைத்துக்கொண்டு உள்ளே நுழைய, உடல் அதை அந்நியப் பொருளாகக் கருதி அழற்சியை உண்டாக்குகிறது. மறுநாள் தோன்றும் பருக்கள் பெரும்பாலும் இவைதாம். மருத்துவத்தில் இதற்கு சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று பெயர். சவரம் செய்த உடனே வரும் சிவப்பும் எரிச்சலும் வேறு வகை: எஃகு தோலின் மேலடுக்கைத் திரும்பத் திரும்ப உரசுவதால் வருபவை. ஒரே இடத்தில் மூன்று முறை ஐந்து பிளேடு ரேசரை இழுத்தால், அந்தத் தோலின் மீது 15 முறை பிளேடு சென்றுவிடுகிறது. ஒற்றை பிளேடாக இருந்தால் அது மூன்றே முறை.

அமெரிக்கத் தொழிலதிபர் கிங் கேம்ப் ஜில்லெட், மாற்றிப் போடக்கூடிய மெல்லிய பிளேடு கொண்ட ரேசருக்குக் காப்புரிமை பெற்றது 1904இல். இரட்டை பிளேடு கார்ட்ரிட்ஜ் 1971இலும், மூன்று பிளேடு 1998இலும், ஐந்து பிளேடு 2006இலும் சந்தைக்கு வந்தன. ஒவ்வொரு கட்டத்திலும் இன்னும் வழவழப்பான முகம் என்பதே முதன்மையான வாக்குறுதியாக இருந்தது. எரிச்சலால் அவதிப்படுபவர் அந்த வழவழப்பில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. விரலால் தடவினால் லேசாகச் சொரசொரப்பு தெரியும் அளவில் நிறுத்திக்கொள்வதுதான் உங்கள் கழுத்துக்கு ஏற்ற சவரம்.

இப்போது இருக்கும் பருக்கள் அடங்கும் வரை பிளேடைத் தொடாதீர்கள். அதுவரை டிரிம்மரால் ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் முடியை விட்டுக் குறைத்துக்கொள்ளுங்கள். முடி சிறிது வளர்ந்திருக்கும் இந்த நாட்களில், அது எந்தத் திசையில் வளர்கிறது என்பதை விரலால் வருடிப் பாருங்கள். கன்னத்தில் பெரும்பாலும் கீழ்நோக்கி வளரும் முடி, கழுத்தில் பக்கவாட்டிலோ, மேல்நோக்கியோ, சுழியாகவோ வளரக்கூடும். இரண்டு பக்கமும் ஒன்றுபோல இருக்கும் என்றும் சொல்ல முடியாது. விரல் வழுக்கிச் செல்லும் திசையே முடி வளரும் திசை. உறுத்தும் திசை அதற்கு எதிர்த்திசை. கழுத்தில் பருக்கள் வருபவர்களில் பலர் அங்கே தெரியாமலேயே எதிர்த்திசையில் சிரைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பழைய முறையின் உண்மையான பலம் ரேசரை எடுப்பதற்கு முன் செலவிடும் நேரத்தில் இருக்கிறது. உலர்ந்த தாடி முடி விறைப்பானது. இரண்டு மூன்று நிமிடங்கள் வெதுவெதுப்பான நீரில் ஊறினால் அது நீரை உறிஞ்சி உப்பி, வெட்டுவதற்கு மிகவும் எளிதாகிவிடுகிறது. எனவே குளித்து முடித்தவுடன் சவரம் செய்யுங்கள். கொதிக்கும் சூடு வேண்டாம். அது தோலின் இயற்கையான எண்ணெய்ப் பசையைப் போக்கிவிடும். டப்பா நுரையையும் உடனே தடவி உடனே சிரைக்காமல், முகத்தில் சிறிது நேரம் ஊறவிட்டால் ஓரளவு பலன் உண்டு. ஆனால் பிரஷால் குழைத்த நுரையில் நீர் அதிகம் தங்குகிறது. அதோடு பிரஷ் ஒவ்வொரு முடியையும் நிமிர்த்தி அதன் அடிவரை நுரையைக் கொண்டுசெல்கிறது.

பிரஷில் செயற்கை இழை வகையைப் பரிந்துரைக்கிறேன். பன்றி முடி பிரஷைப் போல அதை முன்கூட்டி ஊறவைக்க வேண்டியதில்லை. மென்மையாகவும் இருக்கும், விரைவில் உலரவும் செய்யும். சோப்பின் மீது பிரஷைச் சுழற்றி எடுத்தபின் நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் குழையுங்கள். குமிழிகள் கண்ணுக்குத் தெரியாமல், பளபளப்பாக, வழியாமல் நிற்கும் பதமே சரியான பதம். பெரிய குமிழிகளோடு காற்றாக இருக்கும் நுரை தோலைக் காப்பதில்லை. பிரஷை முகத்தில் அழுத்தித் தேய்ப்பதும் கூடாது, அதுவே எரிச்சலுக்குக் காரணமாகலாம். உப்பு நீராக இருந்தால் சோப்பு சரியாக நுரைக்காமல் திரிந்துபோகும். நுரை குழைப்பதற்கு மட்டும் வாலை வடிநீரை (டிஸ்டில்ட் வாட்டர்) பயன்படுத்திப் பாருங்கள்.

சோப்பு விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தோலின் பிஎச் அளவு (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) ஏறத்தாழ 5. உண்மையான சோப்போ 9 முதல் 10 வரை காரத்தன்மை கொண்டது. பெரும்பாலோருக்கு நன்றாகக் கழுவிவிட்டால் தீங்கில்லை. கழுவிய பின்னும் தோல் இழுத்துப் பிடிப்பதுபோல் இருந்தால், பாரம்பரிய முறை என்பதற்காகச் சோப்பையே பற்றிக்கொண்டிருக்காமல், சோப்பு சேராத, வாசனையற்ற ஷேவிங் கிரீமுக்கு மாறிவிடுங்கள். வாசனைப் பொருட்கள் தோல் ஒவ்வாமைக்கு அடிக்கடி காரணமாகின்றன என்பதால், எதை வாங்கினாலும் வாசனையற்றதாகவே வாங்குங்கள்.

ரேசரில், பிளேடுக்குக் கீழே சீப்புப் பற்கள் இல்லாமல் மூடிய விளிம்பு கொண்ட, மென்மையான வகையைத் தேர்ந்தெடுங்கள். ரேசரின் தலைப்பகுதியைக் கன்னத்தில் வைத்து, கைப்பிடியை மெல்லத் தாழ்த்திக்கொண்டே வந்தால் பிளேடு தோலைத் தொடும் இடம் தெரியும். கைப்பிடிக்கும் தோலுக்கும் இடையே ஏறத்தாழ 30 பாகைக் கோணம் அது. அழுத்தவே வேண்டாம், ரேசரின் எடையே போதும். முடி வளரும் திசையிலேயே சிறு சிறு இழுப்புகளாகச் செல்லுங்கள். நுரை நீங்கிய இடத்தில் மறுபடி பிளேடை வைக்காதீர்கள். உள்வளரும் முடித் தொல்லை உள்ளவர்கள் தோலை விறைப்பாக இழுத்துப் பிடிப்பதையும் தவிர்க்க வேண்டும். விட்டவுடன் முடி முனை உள்ளே போய்விடும். முதல் சில வாரங்களுக்குக் கழுத்தில் ஒரே ஒரு சுற்று போதும்.

பிளேடை மூன்று முதல் ஐந்து சவரங்களுக்குள் மாற்றிவிடுங்கள். எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையான முடி, வளைந்துகொடுக்கும்போது பிளேடின் விளிம்பில் நுண்ணிய சில்லுகளைப் பெயர்த்துவிடும் என்று அமெரிக்காவின் எம்ஐடி தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் காட்டினார்கள். சில்லு பெயர்ந்த விளிம்பு முடியை வெட்டாமல் இழுக்கும்.

முடித்தபின் குளிர்ந்த நீரால் கழுவி, துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுத்து, கிளிசரின் உள்ள வாசனையற்ற ஈரப்பசைக் களிம்பைத் தடவுங்கள். ஆல்கஹால் கலந்த ஆஃப்டர்ஷேவ் உங்களுக்கு வேண்டாம். படிகாரக் கட்டியை வெட்டுக்காயத்தில் மட்டும் தொட்டுவைத்துக் கழுவிவிடலாம். முகம் முழுவதும் தடவினால் தோல் வறண்டுபோகும்.

பிரஷ், சோப்பு, ரேசர் மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது. முதலில் நுரையையும் முன்தயாரிப்பையும் மாற்றி, இரண்டு வாரம் பழைய ரேசரையே அழுத்தாமல் பயன்படுத்திப் பாருங்கள்; அதிலேயே எரிச்சல் அடங்கிவிட்டால் ரேசரை மாற்றும் தேவையே எழாது.

முகப்பருவுக்கு ரெட்டினாய்டு களிம்பு பூசுபவராக இருந்தால் தோல் எளிதில் புண்படும் என்பதால், மருத்துவரைக் கேட்டபின் தொடங்குங்கள். பருக்களில் சீழ் பிடித்தாலோ, வட்டமாகச் செதில் உதிர்ந்தாலோ, ஆறிய இடத்தில் தழும்பு தடித்து எழுந்தாலோ சவரத்தை நிறுத்திவிட்டுத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். கிருமித்தொற்றும் பூஞ்சைத்தொற்றும் பார்வைக்குச் சவர எரிச்சல் போலவே இருக்கக்கூடும், அவற்றுக்குச் சிகிச்சை வேறு.