ஃபோர்டுக்குள் செவர்லே எஞ்சின் உட்காருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. என் வாப்பாவுடைய வாப்பா வாங்கிய 1947 ஃபோர்டு வி8 கார் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. எஞ்சின் ஜாம் ஆகிப் பல வருடம் ஆச்சு. மதுரை மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, "இதை எடுத்துப் போட்டுட்டு செவர்லே 235, ஆறு சிலிண்டர் எஞ்சின் வைப்போம், என்கிட்ட ஒண்ணு இருக்கு" என்கிறார். சாச்சாவுக்குக் கோபம், "ஃபோர்டில் போய் செவர்லே எஞ்சினா" என்று பேசுவதையே நிறுத்திவிட்டார். செய்யலாமா? உட்காருமா? ஆர்.டி.ஓ.வில் பிரச்சினை வருமா?
– வாசகர், கீழக்கரை

பதில்: வ அலைக்கும் ஸலாம் தம்பி. சாச்சாவின் கோபத்தை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், அதில் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டு எஞ்சினும் சும்மா வேறு வேறு கம்பெனி எஞ்சின்கள் இல்லை, ஒன்றுக்கு ஒன்று பதிலடியாகப் பிறந்த வம்சங்கள். 1929ல் நான்கு சிலிண்டர் விலைக்கே ஆறு சிலிண்டர் என்று செவர்லே விளம்பரம் செய்து விற்றது, அதற்கு ஃபோர்டு 1932ல் கொடுத்த பதில்தான் எட்டு சிலிண்டர் இரண்டு வரிசையாக நிற்கும் வி8. இரண்டு கம்பெனியுமே அன்றைக்கு பம்பாயில் கார் பூட்டி இந்தியா முழுக்க விற்றவர்கள். ஃபோர்டு 1926ல் வந்தது, செவர்லேயின் தாய்க் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸ் 1928ல் வந்தது, 1950களின் நடுவில் இரண்டுமே கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டன. அதனால்தான் நம்ம ஊர்ப் பழைய வீடுகளில் இந்த இரண்டு பெயரும் மாறி மாறிக் கண்ணில் படுகின்றன.

எஞ்சினை மாற்றுவது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த மெக்கானிக் பழைய எஞ்சினைத் திறந்து பார்த்தாரா? உங்கள் கடிதத்தில் அந்தப் பேச்சே இல்லை. கடற்கரை ஊரில் வருடக்கணக்கில் நின்ற எஞ்சின் ஜாம் ஆகத்தான் செய்யும். ஏதோ ஒரு வால்வு திறந்தபடி நின்றிருக்கும், அந்த வழியாக உப்புக்காற்று சிலிண்டருக்குள் போய் ரிங்கும் சுவரும் துருவால் ஒட்டிக்கொண்டிருக்கும். எட்டு பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, தீரத் தீர மறுபடி ஊற்றி, வாரக்கணக்கில் பொறுமையாக ஊற விடுங்கள். அப்புறம் கிராங்க் புல்லி நட்டில் நீளமான பார் போட்டு முன்னும் பின்னுமாக நோகாமல் அசைத்துப் பாருங்கள். கயிறு கட்டி வேறு வண்டியால் இழுத்து கியரில் விட்டு எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் விடவே விடாதீர்கள், ரிங் உடையும், பிஸ்டன் போகும், ராடு வளையும், அதுவரை பிழைத்திருந்த எஞ்சின் அன்றோடு முடிந்தது.

அப்படியும் அசையவில்லை என்றால் ஹெட்டைக் கழற்ற வேண்டும். இந்த எஞ்சினில் வால்வு எல்லாம் பிளாக்கில்தான் இருக்கிறது, ஹெட் என்பது வெறும் மூடி மாதிரி, அந்த வகையில் வேலை சுலபம். ஆனால் ஒரு ஹெட்டுக்கு 24 ஸ்டட், எல்லாம் துருப்பிடித்திருக்கும். ஸ்பானரில் தொங்கி முறித்துவிடாமல், சூடு காட்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ஒவ்வொன்றாக எடுங்கள். திறந்ததும் விரிசல் இருக்கிறதா என்று தேடுங்கள். இந்த வி8ல் எக்ஸாஸ்ட் புகை பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் ஜாக்கெட்டை ஒட்டித்தான் வெளியே போகிறது, அதனால் சூடு அதிகம், வால்வு சீட்டுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் பிளாக் வெடிப்பது இந்த எஞ்சினின் பழைய வியாதி. மதுரையிலோ கோயம்புத்தூரிலோ பிளாக்கைப் பிரஷர் டெஸ்ட் செய்யும் பட்டறைக்குக் கொண்டு போங்கள். விரிசல் இல்லையென்றால் லைனர் போட்டு, கிராங்க் கிரைண்டிங் செய்து, அந்த எஞ்சினையே ஓட வைக்கலாம். அதுதான் என் முதல் விருப்பம், செலவு கூடினாலும் சரி. பிளாக் பல இடத்தில் வெடித்திருந்தால் மட்டும் செவர்லே பேச்சை எடுங்கள்.

எடுப்பதானால் அந்த 235 (கன அங்குலக் கொள்ளளவுதான் பெயர்) எந்த வருடத்தது என்று பாருங்கள், விஷயமே அங்கேதான் இருக்கிறது. பழைய 235ல் கனெக்டிங் ராடு பேரிங்குக்கு ஆயில் பம்ப் பிரஷர் போகாது, சம்ப்பில் இருக்கும் எண்ணெயை ராடு கோரிக்கொண்டு போகிற ஏற்பாடு, பேரிங்கும் ஒயிட் மெட்டல் ஊற்றிச் செய்தது. இன்றைக்கு ஒயிட் மெட்டல் ஊற்றிச் சரியாகக் கடைந்து தருகிற கை கிடைப்பது கஷ்டம். 1954 முதல் வந்த 235 எல்லாவற்றிலும் முழு பிரஷர் ஆயிலிங், மாற்றக்கூடிய ஷெல் பேரிங். வெளியிலிருந்தே அடையாளம் தெரியும்: வால்வு கவரின் உச்சியில் நடுவாக இரண்டு நட்டு போட்டிருந்தால் பழைய வகை, கவரின் கீழ் விளிம்பில் நான்கு ஸ்க்ரூ இருந்தால் புதிய வகை. இதற்கு நடுவில் ஹெட்டையும் கவரையும் யாராவது மாற்றியிருக்கலாம், ஆகவே பிளாக்கில் வார்த்திருக்கும் எண்ணையும் சரிபாருங்கள். பழைய வகை என்றால் வேண்டாம் தம்பி, ஒரு சீக்காளியை அனுப்பிவிட்டு இன்னொரு சீக்காளியைக் கூட்டி வந்த கதை ஆகிவிடும்.

பவர் கூடும் என்று யாரும் ஆசை காட்டினால் நம்பாதீர்கள். உங்கள் வி8 3.9 லிட்டர், 100 குதிரைசக்தி. 1954 செவர்லே 235 கிட்டத்தட்ட 3.85 லிட்டர், சாதா கியர் காருக்கு வந்தது 115. பெரிய வித்தியாசம் இல்லை. கிடைப்பது வேறு: வால்வு ஹெட்டில் இருக்கிறது, புகை பிளாக்கைச் சுடாமல் வெளியே போகிறது, எஞ்சின் குளிர்ச்சியாக ஓடும். ராமநாதபுரம் வெயிலில் அது சின்ன விஷயம் இல்லை.

உட்காருமா என்றால், உட்கார வைக்கலாம், ஆனால் இடம் நீளவாக்கில் இடிக்கும். வி8 குட்டையான எஞ்சின், ஆறு சிலிண்டரும் ஒரே வரிசையில் நிற்கிற எஞ்சின் நீளம். ஃபேனுக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இடைவெளி போதாது. மெக்கானிக் உடனே ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவில் உள்ள தகடு) வெட்டலாம் என்பார். வெட்ட விடாதீர்கள், ரேடியேட்டரை முன்னால் தள்ளப் பாருங்கள். சம்ப் முன் கிராஸ்மெம்பரில் (சேஸிஸின் குறுக்குச் சட்டம்) இடிக்கிறதா, அச்சு குழியில் தூக்கிப்போடும்போது தொடுமா என்பதை முன் ஸ்பிரிங்கை முழுசாக அமுக்கிப் பார்த்தே முடிவு செய்யுங்கள். நம்ம பக்கம் ஸ்டியரிங் வலப்பக்கம், இந்த செவர்லேயில் எக்ஸாஸ்டும் கார்புரேட்டரும் இடப்பக்கம் என்பதால் அந்தச் சிக்கல் மட்டும் இல்லை, வலப்பக்கம் டிஸ்ட்ரிபியூட்டருக்கு இடம் விட்டால் போதும்.

கியர்பாக்ஸை மாற்றாதீர்கள். 1947 ஃபோர்டில் பின் அச்சு வண்டியைத் தள்ளுகிற விசை முழுக்க டார்க் டியூப் (பிராப்பெல்லர் ஷாஃப்டை மூடிய குழாய்) வழியாக வந்து கியர்பாக்ஸ் பின்னால்தான் ஏறுகிறது. அதைக் கழற்றினால் பின் அச்சு, ஸ்பிரிங், பிராப்பெல்லர் ஷாஃப்ட் எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். ஃபோர்டு கியர்பாக்ஸை அப்படியே வைத்து, எஞ்சினுக்கும் அதற்கும் நடுவில் லேத்தில் அடாப்டர் பிளேட் கடையுங்கள். கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்தால் முள் காட்டும் ஆட்டம் ஒரு இன்ச்சில் ஆயிரத்தில் ஐந்து பங்கைத் தாண்டக் கூடாது. கண் மதிப்பில் பூட்டினால் கிளட்ச் உதறும், கியர்பாக்ஸ் முன் பேரிங் போகும், பிறகு கம்பெனி மேல் பழி வரும். எஞ்சின் மவுண்டுகள் எல்லாம் போல்ட் போட்டுப் பூட்டுகிற மாதிரி இருக்கட்டும், சேஸிஸில் வெல்டிங் வேண்டவே வேண்டாம். உங்கள் பிள்ளை ஒருநாள் வி8ஐ திரும்ப வைக்க நினைத்தால் முடிய வேண்டும்.

கரண்ட் விஷயம் ஒன்று. உங்கள் ஃபோர்டு 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனை வண்டியின் உடம்போடு சேர்ந்தது. செவர்லே 1954 வரை 6 வோல்ட், 1955 முதல் 12, இரண்டுமே நெகட்டிவ் எர்த். டைனமோ, காயில், ஆம்மீட்டர், பல்பு, ஹாரன், பெட்ரோல் கேஜ் எல்லாவற்றையும் முதலிலேயே ஒரே முறைக்குக் கொண்டு வாருங்கள், பாதி அது பாதி இது என்று விட்டால் வயர் எரியும்.

இப்போது ஆர்.டி.ஓ. நிஜமாகவே யோசிக்க வேண்டியது இதைத்தான். 2021ல் மத்திய அரசு விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய, வியாபாரத்துக்கு ஓடாத வண்டிக்கு 'விஏ' எழுத்துடன் தனி நம்பர் தருகிறார்கள், புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், புதுப்பிக்க 5,000. தினசரி ஓட்ட அனுமதி இல்லை, கண்காட்சி, ராலி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டும். ஆனால் வண்டி அசல் உருவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது அந்த விதியிலேயே இருக்கிறது. செவர்லே எஞ்சின் ஏறினால் அந்த வாசல் உங்களுக்கு மூடிவிடும். விண்டேஜ் பதிவு வேண்டாம், சாதாரண ஆர்.சி. போதும் என்றாலும் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கிறது, கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. ஆர்.சி.யில் எஞ்சின் நம்பர் மட்டும் இல்லை, சிலிண்டர் எண்ணிக்கை, சி.சி. எல்லாம் இருக்கிறது. எட்டு ஆறாக மாறினால் கேள்வி வரத்தான் செய்யும். பழைய ஆர்.சி.யை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் அலுவலகத்துக்கு ஒரு நடை போய், மாற்றுவதற்கு முன்னால் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பிறகு போய் நின்றால் இன்சூரன்ஸும் சேர்ந்து சிக்கலாகும்.

எதைச் செய்தாலும் அந்த வி8ஐ காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். எண்ணெய் பூசி, பாலித்தீன் சுற்றி, தரையில் படாமல் மரச்சட்டத்தில் வையுங்கள். சாச்சாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், பேச ஆரம்பித்துவிடுவார்.

கேள்வி: ஐயா, விசைப்படகிலிருந்து கழற்றிய ஆறு சிலிண்டர் லேலண்டு டீசல் எஞ்சின் மலிவாக வருகிறது. என் பழைய மகிந்திரா ஜீப்பில் வைக்கலாம் என்கிறார்கள். ஜீப் எஞ்சின் நான்கு சிலிண்டர் பெட்ரோல்.
– வாசகர், மண்டபம்

பதில்: வேண்டாம். அது பஸ், லாரிக்குப் பிறந்து படகுக்குப் போன எஞ்சின். ஜீப்பின் முன் ஸ்பிரிங், கியர்பாக்ஸ், பிரேக் எதுவும் அந்தக் கனத்துக்குச் செய்ததில்லை. டீசல் என்பதால் சுற்றும் வேகமும் குறைவு, ஜீப்பின் குட்டை கியரோடு சேர்ந்தால் கத்திக்கொண்டே தவழும். அதற்கு மேல் படகு எஞ்சின் பக்கத்தில் உப்புத்தண்ணீர் ஓடியிருக்கும், கூலர், பைப், சில சமயம் பிளாக் வரை அரித்திருக்கும், பெயின்ட் அடித்துக் கொடுத்தால் வெளியே தெரியாது. ஆறு சிலிண்டர் ஜீப் என்பதே தப்பில்லை, அமெரிக்காவில் 1972ல் கம்பெனியே ஒரே வரிசை ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் வைத்தது, ஆனால் அதற்காக ஜீப்பின் முன்பக்கத்தை நீட்டி, இரண்டு அச்சுக்கும் நடுவிலான தூரத்தைச் சுமார் 3 அங்குலம் கூட்டினார்கள். கம்பெனியே வண்டியை நீட்டித்தான் வைத்தது என்றால் பட்டறையில் அப்படியே திணிக்க முடியாது. உங்கள் எஞ்சினையே சிலிண்டர் கடைந்து (ரீபோர் செய்து) ஓட்டுங்கள்.

கேள்வி: ஒரே வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சின் வழவழவென்று ஓடுவதாக எல்லோரும் சொல்கிறார்களே, காரணம் என்ன?
– கல்லூரி மாணவி, ராமேஸ்வரம்

பதில்: நல்ல கேள்வி அம்மா. ஆறு பிஸ்டனும் இரண்டிரண்டாக ஜோடி சேர்ந்து ஓடும்: ஒன்றும் ஆறும், இரண்டும் ஐந்தும், மூன்றும் நான்கும். ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் 120 டிகிரி. இதனால் பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது வரும் உதைப்புகள் ஒன்றை ஒன்று ஈடு செய்துகொள்கின்றன, எஞ்சின் சுற்றும் வேகத்தில் வரும் அதிர்வும் சரி, அதன் இரட்டை வேகத்தில் வரும் அதிர்வும் சரி. நான்கு சிலிண்டரில் அந்த இரண்டாவது அதிர்வு மிச்சம் நிற்கும். பொதுவான வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4, செவர்லே 235லும் அதுதான். அதற்கு விலை நீளமான கிராங்க்: அது முறுக்கி அதிராமல் இருக்க முன்னால் டாம்பர் (அதிர்வை அடக்கும் சக்கரம்) வைப்பார்கள். பழைய எஞ்சினில் அதன் ரப்பர் செத்திருந்தால் வழவழப்பு போய்விடும், முதலில் அதைப் பாருங்கள்.

கேள்வி: கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. பழைய காரை மாதக்கணக்கில் நிறுத்த வேண்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், தொண்டி

பதில்: ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றாதீர்கள், நம்ம கரையில் பல இடத்தில் அது உவர்ப்பு, உள்ளே காறை கட்டும், அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் மட்டும். இப்போது வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால், அது ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பர் ஹோஸையும் பம்ப் டயாஃப்ரத்தையும் கெடுக்கும், அதனால் நிறுத்தும் முன் டேங்கையும் கார்புரேட்டரையும் காலி செய்யுங்கள், ரப்பரை எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றுங்கள். தார்ப்பாயை வண்டியோடு ஒட்டிப் போர்த்தினால் ஈரம் உள்ளேயே நிற்கும், காற்று புகும் பருத்தித் துணி போதும். பிளக் துளை வழியாகக் கொஞ்சம் எண்ணெய் விட்டு, வாரம் ஒருமுறை கையால் எஞ்சினைச் சுற்றி வையுங்கள். அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவி, காய விட்ட பிறகே நிறுத்துங்கள், தனுஷ்கோடிப் பக்கம் போய் வந்திருந்தால் கட்டாயம் கழுவுங்கள்.